தோம்பிக்குப் பிடித்த ஆரல்

மிதக்கும் புல்திட்டின் ஓரமாகப் படகை அணைத்து, மூங்கில் பொறியைத் தூக்கினான் சாவோபா. சேற்றில் புதைந்து மூக்கை மட்டும் நீட்டிக் கிடக்கிற ஆரல் மீன், இரண்டு உள்ளே நெளிந்தன. அவசரமாகப் பிடித்ததில் முதுகு முள் விரலைக் கிழித்தது. கிழித்தால் கிழிக்கட்டும்! அணை வந்து லோக்தாக் ஏரியில் தண்ணீர் தேங்கிய பிறகு, ஆரல் கிடைப்பதே குதிரைக்கொம்பு.

இன்று சாக்கோபா. கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பும் நாள். தங்கை தோம்பி அக்கரைப் பையனோடு ஓடிப்போனதிலிருந்து அவன் அவளை அழைத்ததில்லை. வறட்டு வீம்பு, வேறென்ன? இந்த வருஷம் மனசு கேட்காமல் வெற்றிலை பாக்கு அனுப்பிவிட்டான். ஆரல் தலை தனக்கு விழாவிட்டால் ஊரையே கூட்டுகிறவள் அவள். மறுபடி வருவாளா என்பது இந்தச் சாப்பாட்டில்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது.

அக்கரையில் வாழ்க்கைப்பட்ட பெண்களோடு ஒரே படகில் வந்தாள் தோம்பி. இளைத்திருந்தாள். இலை போட்டுக் குழம்பை ஊற்றிய பிறகுதான் அவன் மனைவி மேமா அவனை அடுக்களைக்கு இழுத்தாள்.

"அவ புருஷன் வம்சத்துக்கு ஆரல் ஆகாதே! கட்டிக்கிட்டுப் போனவளுக்கும் அதே விலக்குதானே? எனக்கே இப்பத்தான் உறைக்குது."

பல வருஷம் கழித்துக் கூப்பிட்டு, விலக்கானதையா இலையில் வைப்பது? சாவோபா ஓடிவந்தான்.

"தோம்பி, தொடாதே. புத்தி கெட்டுப்போய்ச் செஞ்சுட்டேன். முட்டை பொரிச்சுத் தரச் சொல்றேன்."

இலையை இழுக்கப் போன கையை அவள் தட்டிவிட்டாள். தலையைப் பிட்டு வாயில் போட்டு, நிதானமாக மென்றாள். கண் நிறைந்து வழிந்தது.

"அந்த வீட்டு விலக்கு அந்த வீட்டோட போச்சுண்ணே. இன்னொரு தலை இருக்குமே, அதையும் போடு."

மேமா வாயைப் பொத்திக்கொண்டாள். குழம்புச் சட்டியைச் சாவோபாவே தூக்கி வந்தான்.

பொழுது சாய, படித்துறையில் பெண்கள் படகேறும் கூச்சல். "அடியே தோம்பி, சாப்பாடு முடியலையா? ஏறுடி!"

தோம்பி குனிந்தபடியே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாவோபாதான் வாசலுக்குப் போனான்.

"நீங்க போங்கம்மா. அவ வரலை."

படகு நகர்ந்தது. முன்பக்கம் அவளுக்கு விட்டிருந்த இடம் காலியாகவே போனது.