பால் வரிசையில் படித்த பாடம்

சைனப் ஒரு காரியத்தைப் பிடித்தாள் என்றால் லேசில் விடமாட்டாள். தாராவியில் அவள் சந்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். பாவம், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் கோமதிநாயகத்துக்குத்தான் தெரியாமல் போய்விட்டது. "பாக்கலாம்மா, போயிட்டு வாங்க" என்று முதல் நாள் அவர் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். போனாள். மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். பிரார்த்தனை மணி அடிக்கிறதோ இல்லையோ, அவர் அறை வாசலில் சைனப் நின்றாள்.

அவள் கேட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை. மகள் நஸீரா மூன்றாம் வகுப்பில் இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். ஏன் அவளுக்கு வாசிப்பு வரமாட்டேன் என்கிறது? விஷயம் தெரிந்தவர்களை வரவழைத்து, பள்ளிக்கூடம் பிள்ளையைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

"இதுக்கு என்னம்மா டெஸ்ட்? கவனம் கிடையாது, வேறென்ன? இந்த வருஷமும் பெயிலானா டி.சி.யை வாங்கிட்டுப் போங்க. உங்க கூட உக்காந்து பைக்கு ஜிப்பாவது தைக்கட்டும்" என்றார் கோமதிநாயகம்.

அந்தக் கடைசி வார்த்தைதான் சைனப்புக்குச் சுருக்கென்றது. ஜிப்பு தைக்கத்தான் அவள் ஒருத்தி இருக்கிறாளே! மெஷினில் குனிந்து குனிந்து அவள் கழுத்து போனது போதாதா? மகளும் அதே மெஷினில் வந்து உட்கார வேண்டுமா? அதுவும் நஸீராவா? சந்தில் எல்லார் வீட்டுக்கும் கடைக்குப் போகிறவள் அவள்தான். ஒரு வீட்டுக்கு உளுந்து, ஒரு வீட்டுக்குப் பெருங்காயம், இன்னொரு வீட்டுக்குக் கொத்தமல்லி என்று காதில் வாங்கிக்கொண்டு போவாள், ஒன்றை விடாமல் கொண்டுவந்து சேர்ப்பாள். ஓதுற பள்ளியில் குர்ஆன் சூறா ஒன்றைக் கேட்டால் மறுநாள் தண்ணீர்பட்ட பாடாக ஒப்பிப்பாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும், 'பட்டம்' என்ற சொல்லைப் பார்த்து முழி முழி என்று முழிப்பாள்.

சைனப்புக்கு இந்த வழியைக் காட்டியிருந்தவள் அடுத்த வீட்டுப் பேராச்சி. அவளுக்கு அணுசக்தி நகரில் ஒரு வீட்டில் சமையல் வேலை.

"ஏ சைனப்பு, எங்க வீட்டய்யா பெரிய சயன்டிஸ்ட்டு. அவுக மவனுக்கும் இதே கூத்துதான், கேட்டுக்கோ. பேசச் சொன்னா நாள்பூரா பேசுவான், வாசிக்கச் சொன்னா வயித்தவலி வந்துரும். செம்பூர்ல இருந்து ஒரு டீச்சரு வந்து டெஸ்ட் பண்ணுனாவ. இப்பம் வேற மாதிரி சொல்லிக் குடுக்காவ, பய தன்னால வாசிக்கான். பள்ளிக்கூடத்துல இருந்து கேட்டாத்தான் அந்த டீச்சரு வருவாவளாம்."

சயன்டிஸ்ட் மகனுக்கே வந்திருக்கிறது என்றால் பை தைக்கிறவன் மகளுக்கு வரக்கூடாதா? சைனப்புக்கு அன்றைக்கு வந்த தெம்பு கொஞ்சநஞ்சமல்ல.

கடைசியில் கோமதிநாயகம் தோற்றார். "தாயே, நாளைக்கு மட்டும் வராதீங்க! நான் செம்பூருக்கு எழுதிப் போடுறேன்" என்று கையெடுத்தே கும்பிட்டுவிட்டார். ஆனாலும் வாத்தியார் அல்லவா, ஒரு நிபந்தனை வைத்தார். டீச்சர் வரும்போது நஸீரா முதலில் வகுப்பில் நடக்கிற எறும்புப் பாடத்தை வாசிக்க வேண்டும். ஒழுங்காக வாசித்துவிட்டால் இந்தப் பேச்சையே அப்புறம் எடுக்கக்கூடாது.

நஸீராவின் வாப்பா காசிமுக்கு இந்த ஏற்பாடு துளிகூடப் பிடிக்கவில்லை. அவன் தோல் பை ஒர்க் ஷாப்பில் வேலை பார்க்கிறவன்.

"நாலு பேரு முன்னால நம்ம புள்ளய நிறுத்தி, இதுக்கு வாசிக்க வராதுன்னு காட்டணுமாக்கும்? கோட்டி, புத்தி சரியில்லம்பானுவ. நாளப்பின்ன எவன் கட்டுவான்?"

"முதல்ல அவ மூணாப்பத் தாண்டட்டும். அப்புறமா உக்காந்து மாப்பிள்ள பாப்போம்" என்றாள் சைனப்.

 மறுநாள் காசிம் ஓர் அதிசயம் செய்தான். பால் வாங்கப் போனான்! கல்யாணமான நாளிலிருந்து பால் பூத் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டறியாத மனுஷன், காலையில் நஸீராவையும் கையில் பிடித்துக்கொண்டு போய் வரிசையில் நின்றான். "விடியக்காலத்துக் காத்து பட்டா புள்ளைக்குத் தெளிவு வரும்லா" என்று விளக்கம் வேறு. நல்ல மனுஷன்தான் என்று சைனப் உருகிப்போனாள். சந்து முழுக்கச் சொல்லியும் வைத்தாள்.

அந்த நாள் வந்தது. செம்பூர் டீச்சரின் பெயர் சொர்ணம்மாள். கனத்த கண்ணாடி, தோளில் துணிப்பை, எதற்கும் சிரிக்கத் தயாரான முகம். காசிம் பெருநாள் சட்டையில் வந்திருந்தான். கோமதிநாயகம் எறும்புப் பாடத்தைத் திறந்து நஸீராவின் கையில் கொடுத்தார்.

"ஒரு காட்டில் எறும்புக் கூட்டம் ஒன்று வாழ்ந்து வந்தது. மழைக்காலம் நெருங்கியது..."

கணீரென்று போனது வாசிப்பு. எங்கும் தட்டவில்லை, தடவவில்லை. பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பவும் செய்தாள்.

"பாத்தியளாம்மா!" என்று மேசையைத் தட்டினார் கோமதிநாயகம். "எல்லாம் கள்ளத்தனம்! டீச்சர், உங்களை வீணா அலைய வச்சுட்டோம்."

சொர்ணம்மாள் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். சைனப்புக்கு முதலில் சந்தோஷம்தான் பொங்கியது. பெற்ற வயிறு இல்லையா? என் மகள் வாசிக்கிறாள்! அப்புறம்தான் அவள் கவனித்தாள். வாசிப்பை நிறுத்தாமலே நஸீரா ஆடிக்கொண்டிருந்தாள். முன்னும் பின்னுமாக, ஓதுற பள்ளியில் மனப்பாடமாக ஓதும்போது ஆடுவாளே, அதே ஆட்டம். எழுத்துக் கூட்டும்போது நஸீரா ஆடமாட்டாள். விரலை ஊன்றிக்கொண்டு அப்படியே உறைந்துபோவாள்.

சைனப் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். காசிமின் உதடுகள் மகளுக்கு ஒரு சொல் முன்னால் அசைந்துகொண்டிருந்தன. அட பாவி மனுஷா! பால் பூத்தில் இதுதான் நடந்ததா?

பேசாமல் இருந்தால் மானம் தப்பும், எல்லாரும் சிரித்த முகமாக வீட்டுக்குப் போகலாம். வருஷக் கடைசியில் டி.சி., அப்புறம் ஜிப்பு மெஷின். தன் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்று எந்தத் தாய் சபையில் வைத்துக் காட்டுவாள்? சைனப் எழுந்து போனாள். விரித்த புத்தகத்தின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பரப்பி வைத்து மூடினாள்.

நஸீராவின் வாய் நிற்கவில்லை. எறும்புகள் புற்றுக்குப் போய்ச் சேர்ந்தன. மழை கொட்டியது. பாடம் முடிந்தது. அதோடு விட்டாளா? "கோடிட்ட இடங்களை நிரப்புக" என்று பயிற்சியையும் தொடங்கிவிட்டாள். பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

"உம்மா, கைய எடுங்க. அருஞ்சொற்பொருள் இன்னும் பாக்கி இருக்கு."

சொர்ணம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யாரும்மா கண்ணு உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?"

"வாப்பா. பால் லைன்ல."

காசிம் வேர்த்து விறுவிறுத்துப் போனான். "புள்ள தோத்துரக் கூடாதேன்னுதான் டீச்சரம்மா..."

"தப்பா ஒண்ணும் கேக்கலை. புத்தகத்தைப் பாத்தா சொல்லிக் கொடுத்தீங்க?"

"எனக்கு எழுத்து ஓடாது. ஒர்க் ஷாப்புல ஹமீது வாசிச்சான், நான் கேட்டுக்கிட்டேன்."

"எத்தனை தடவை வாசிச்சார்?"

"ஒருக்காதான். அவனுக்கு வேல கெடந்துச்சு."

சொர்ணம்மாள் மாட்டிய பையை இறக்கி வைத்தார். சிரிப்பு போய் முகத்தில் வேறொன்று வந்திருந்தது. "முழுசா டெஸ்ட் பண்ணித்தான் உறுதியாச் சொல்லணும். ஆனா எனக்குத் தோணுறதைச் சொல்றேன். காதுல விழுந்தா இவளுக்கு அப்படியே நிக்குது, எழுத்துதான் கண்ணுக்குப் பிடிபட மாட்டேங்குது. இது மந்தம் இல்லை. சொல்லிக்கொடுக்கிற விதத்தை மாத்தினா வரும். சில வீடுகள்ல இது அப்பாகிட்ட இருந்தும் வரும்."

கோமதிநாயகம் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "இந்தப் பிள்ளையையா நான் பெஞ்சு மேல ஏத்தி வச்சேன்" என்றார். "டெஸ்ட் பண்ணுங்க டீச்சர். எத்தனை நாள் வேணும்னாலும் என் ரூம்லயே பண்ணுங்க."

காசிம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான்.

"ஊர்ல எங்க வாத்தியாரு ஒரு நாளும் என்னப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. கழுதன்னுதான் கூப்பிடுவாரு" என்றான்.  "அப்பம் நான் கழுத இல்லியா டீச்சரம்மா?"

"எவன் சொன்னான் கழுதன்னு?" சைனப் முந்திக்கொண்டு சீறினாள். அந்த வாத்தியார் மட்டும் எதிரில் இருந்திருந்தால் அன்றைக்கு அவர் பாடு பெரும்பாடுதான். சீறியவளுக்கே கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

சொர்ணம்மாள் பையிலிருந்து படம் போட்ட அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினார். நஸீரா ஓடிப்போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

"வாப்பா, இங்கன வாங்க. டீச்சர், எங்க வாப்பாவுக்கும் சேத்து டெஸ்ட் வைங்க."

குட்டிப் பெஞ்சில் காசிம் மடங்கி உட்கார்ந்தான். முட்டி மேசையில் இடித்தது.

"சரி, முதல்ல யாரு?" என்று கேட்டார் சொர்ணம்மாள்.

காசிம்தான் கையைத் தூக்கினான்.