நூற்றுப் பதின்மூன்றாவது வோட்டு

கட்டிய பெண்சாதியின் மேல் வைத்த நம்பிக்கைக்கு என்ன விலை? ஒரு வோட்டு. எருக்கலம்பிட்டியில் அதற்கு முன் யாரும் அதை விலை போட்டதில்லை. கிராமச் சங்கத் தேர்தல் முடிவு வந்த பின்னேரம் ஜமால்தீன் முதலாளி போட்டார். சங்குக் குவியல் ஒன்றை வாங்க அரைச் சதத்துக்காக அரை நாள் பேசுகிற மனுஷன், இதை மட்டும் பேரமே பேசாமல் கொடுத்துவிட்டார்.

முந்தின காலத்தில் சங்கத் தேர்தல் என்றால் பள்ளிக்கூட வளவில் ஆட்களைக் கூட்டுவார்கள். அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்தவர் பெயரைச் சொல்ல, வேண்டியவர்கள் கையைத் தூக்குவார்கள். யார் யாருக்குத் தூக்கினான் என்பது ஊருக்கே வெளிச்சம். மறுநாள் அரிசி கடன் கேட்டு வருகிறவனுக்கு நிறுத்துக் கொடுப்பதா, சாமான் முடிந்துவிட்டது என்பதா என்று தீர்மானிக்கக் கடைக்காரனுக்கும் சுகம். இந்த முறை துரைமார் புதுமை செய்தார்கள். மறைப்புக்குள் இரண்டு பெட்டி. ஜமால்தீனுக்குச் சிவப்பு, அவரை எதிர்த்து நின்ற றஊபுக்குப் பச்சை. சீட்டை வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான், யாரிடமும் சொல்லத் தேவையில்லை. போதாக்குறைக்குப் பெண்களுக்கும் வோட்டு.

பச்சை றஊபுக்குப் போனதிலேயே ஜமால்தீனுக்கு முதல் சந்தேகம் விழுந்தது. பள்ளிவாசல் கதவின் நிறம் அவனுக்கு எப்படி வாய்த்தது? றஊப் வேறு யாருமல்ல, ஜமால்தீனின் மனைவி நசீறாவின் தம்பி. தலைமன்னார் துறையில் சரக்குக் கணக்குப் பார்த்துவிட்டு, நேற்றுத்தான் சொந்தக் கடை போட்டவன்.

ஜமால்தீன் எண்ணாமல் எதிலும் இறங்க மாட்டார். சிவப்பில்தான் போடுவோம் என்று வீடு வீடாகப் போய் வாக்கு வாங்கியதில், தன்னையும் நசீறாவையும் சேர்த்து நூற்றுப் பதின்மூன்று பேர். தேர்தலன்று விடியற்காலைச் சுபஹு தொழுத கையோடு போய் முதல் ஆளாக வோட்டுப் போட்டவரும் அவரே. பின்னேரம் பள்ளிக்கூடத்துக்குள்ளே எண்ணினார்கள். மச்சான்மார் இருவரும் விறாந்தையில் ஆளுக்கொரு கதிரையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். தேர்தல் நடத்திய துரை வெளியே வந்து வாசித்தார்: பச்சை நூற்றுப் பன்னிரண்டு, சிவப்பு நூற்றுப் பன்னிரண்டு. சமம் என்பதால் இரண்டு பெயரையும் காகிதத் துண்டில் எழுதித் தன் தொப்பியில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தார். றஊப்.

தொப்பியைப் பற்றி ஜமால்தீன் யோசிக்கவே இல்லை. வாக்குத் தந்த நூற்றுப் பதின்மூன்றில் ஒன்று எங்கே? அந்த ஒரு கேள்விதான் தலைக்குள் சுற்றியது. யாருக்கும் கை கொடுக்காமல், வேறெதுவும் கேட்காமல், சால்வையை உதறிக்கொண்டு இறங்கி நடந்தார்.

வழியெல்லாம் முகங்களைப் படித்தார். கயிறு வியாபாரி சாஹுல் ஹமீட் அவரைக் கண்டதும் குனிந்து செருப்பைச் சரி செய்தான். ஏன் குனிந்தான்? பக்கத்து வளவுத் தாவூது இரண்டு தரம் சலாம் சொன்னான். ஒரு தரம் போதாதா, மற்றது எதற்கு? பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் ஆறுதல் சொன்னார். ஆறுதலைக் கைவசம் வைத்திருந்தார் என்றால் முடிவு அவருக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். இப்படி எல்லார் வீட்டுக்கும் ஒரு சுற்றுப் போய்விட்டு, சந்தேகம் கடைசியில் அவரோடேயே வீட்டுக்கு வந்தது. அங்கே நசீறா பால் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக வெறும் தேத்தண்ணி. பால் யாருடைய சந்தோஷத்துக்கு?

"நீ எந்தப் பெட்டியில போட்டனீ?"

நசீறா திரும்பிப் பார்த்தாள். "ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லையெண்டு துரை சொன்னவரெல்லோ?"

"நான் ஒருத்தரோ? புருஷன்."

"புருஷன்மாருக்குத் தெரியக்கூடாதெண்டுதானே மறைப்பே கட்டினவங்கள்."

"சிரிக்காத. ஒரு வோட்டுக் குறையுது. தம்பியெண்ட உடன உன்ர கை பச்சைப் பக்கம் போயிருக்கும். இல்லையெண்டா குர்ஆனில கைவச்சுச் சத்தியம் பண்ணு."

அவள் கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"இவ்வளவு வருஷமா உங்கட பெட்டகத் திறப்பு என்ர இடுப்பில கிடக்கு. ஒருநாளும் திறந்து எண்ணிப் பாக்காத மனுஷன், இண்டைக்கு என்னைச் சங்கு மாதிரித் தட்டிப் பாக்கிறியளோ? பழுதெண்டு கண்டா எடுத்த இடத்திலயே போட்டிருக்கலாமே."

அந்தச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து மேசையில் வைத்தாள். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தாள். ஊர் முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் அவள் பகலோடு போனாள்.

அடுத்து வந்த நாட்களில் ஜமால்தீன் தன் தேத்தண்ணியைத் தானே போட்டார். வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் தானே ஊற்றினார், முற்றத்தில். கடைக்கு வந்தவர்களிடம் சாமான் நிறுத்துக்கொண்டே கேட்டார்: "நீ சிவப்பிலதானே?" எல்லோரும் "ஓம் முதலாளி, அல்லா அறிய" என்றார்கள். எல்லோரும் ஓம் என்றால் பிழை யாரிடம்? கணக்கு மறுபடியும் நசீறா மேலேயே போய் நின்றது. அவள் ஒரேயடியாக வராமலே இருந்துவிட்டால் என்ற நினைப்பு வரும்போது மட்டும் அவர் பிடித்த தராசு ஆடும். வாங்க வந்தவர்கள் நிறையைச் சந்தேகப்பட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, கடை திறந்ததும் சீவரத்தினம் வந்தார். கச்சேரிக் கிளாக்கர், அன்று வோட்டு எண்ணியவர்களில் ஒருவர். கட்டாக் கருவாடு ஒரு றாத்தல் கேட்டு வெள்ளிக்காசை நீட்டினார்.

அன்றைய முதல் வியாபாரம். ஜமால்தீன் காசைக் கண்ணில் ஒற்றி, பிஸ்மில்லா சொல்லி, காசுப்பெட்டிக்கு அடியில் செருகினார். முதல் காசு அடியில் கிடந்தால் மற்றதெல்லாம் அதன் மேல் வந்து குவியும் என்பது அவருடைய வாப்பா பழக்கிவிட்ட பழக்கம்.

சீவரத்தினம் சிரித்தார். "உங்கட ஊரில எல்லாருக்கும் இந்தப் பழக்கமோ முதலாளி?"

"ஏன் கேக்கிறியள்?"

"அண்டைக்கு எண்ணிறதுக்குப் பெட்டியைத் தூக்கேக்க, உங்கட சிவப்புப் பெட்டிக்கு அடியிலயும் ஒரு சீட்டு. வடிவா மடிச்சு வச்சிருந்தது. பெட்டிக்குள்ள விழாதது வோட்டில்லையெண்டு துரை தள்ளிப்போட்டார். நீங்கள் கோவத்தில போயிட்டியள், இல்லாட்டி அப்பவே சொல்லியிருப்பன். எந்த மூளை கழண்ட விசரனோ உங்களைக் கவிட்டுப்போட்டான்."

பெட்டிக்கு அடியில் போன கை வெளியே வரவில்லை. விரல்களுக்கு முதலில் ஞாபகம் வந்தது. விடியற்புறம், மறைப்புக்குள் வெறும் பெட்டி, அன்றைய முதல் சீட்டு. கண்ணில் ஒற்றினது, பிஸ்மில்லா சொன்னது, அடியில் செருகினது. அதன் மேல் நூற்றுப் பன்னிரண்டு வந்து குவிந்ததும் உண்மை. குவிகிற பரக்கத்தில் ஒரு குறையும் இல்லை.

"விசரன்தான்," என்றார் ஜமால்தீன். கருவாட்டோடு இன்னொரு துண்டும் சும்மா வைத்துக் கட்டிக் கொடுத்தார். சீவரத்தினம் அதை முகர்ந்து பார்த்தார். ஜமால்தீன் சும்மா தருகிற சாமானை யார் நம்புவார்கள்?

ஜும்ஆத் தொழுகை முடிந்து, வென்ற சந்தோஷத்துக்கு றஊப் வீட்டில் நெய்ச்சோறு. பாதி ஊர் முற்றத்தில் இருந்தது. ஜமால்தீன் படலையைத் திறந்ததும் றஊப் ஓடி வந்தான்.

"வாங்கோ மச்சான், இருங்கோ. தொப்பி தந்த வெற்றி, அதுக்குப் போய்க் கோவமோ?"

அவர் இருக்கவில்லை. உள்வாசலில் தொங்கிய திரைக்கு முன்னால் போய் நின்றார்.

"நசீறா, நான் மன்னிச்சிட்டன். வெளிக்கிடு."

"என்னத்தை மன்னிச்சனீங்கள்?" என்றது திரை.

முதல் விலை படியவில்லை. "சரி, நான் கொஞ்சம் அவசரப்பட்டிட்டன்."

"கொஞ்சமோ?"

"நல்லா அவசரப்பட்டிட்டன்."

"அவசரப்பட்டதுக்கு ஆரும் வீட்டை விட்டு வாறதில்லை."

சோற்றில் கை வைத்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். இனி ஒரு சதமும் குறையாது என்று ஜமால்தீனுக்கு விளங்கியது; உள்ளே இருப்பவளும் வியாபாரி வீட்டுப் பிள்ளை. தொண்டையைச் செருமி, ஊர் கேட்கச் சொன்னார்:

"குறைஞ்ச வோட்டு என்ர. முதல் வியாபாரக் காசு மாதிரிப் பெட்டிக்கு அடியில வச்சிட்டன்."

சாஹுல் ஹமீடுக்கு நெய்ச்சோறு புரையேறியது. "அதுக்கோ முதலாளி இத்தனை நாளா என்னை முழிசிப் பாத்தனீங்கள்?" தாவூது எழுந்து நின்று மூன்றாந்தரமும் சலாம் சொன்னான். முற்றமே சிரித்தது. றஊப் மட்டும் கறிச்சட்டியோடு அப்படியே நின்றான்.

"அப்ப மச்சான், உண்மையில நான் தோத்தவனோ?"

"பேசி முடிஞ்ச சாமான், உனக்குத்தான். கறியை ஊத்து."

சிரிப்பு அடங்கியதும் ஜமால்தீன் திரைப்பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "இப்ப கணக்குச் சரி. நீ சிவப்பிலதான் போட்டிருக்கிறாய்."

"ஆர் சொன்னது?"

"கணக்குத்தான்."

"அப்பிடியோ? நான் தம்பிக்குப் போட்டு, வாக்குத் தராத ஒராள் உங்களில இரக்கப்பட்டுச் சிவப்பில போட்டிருந்தாலும், இதே நூத்திப் பன்னிரண்டுதானே வரும்?"

ஜமால்தீன் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடுவது கேட்டது. கேட்க வேண்டிய கேள்வி நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அவர் அதை விழுங்கினார். மடியிலிருந்து பெட்டகத் திறப்பை எடுத்து, குனிந்து, திரைக்குக் கீழால் உள்ளே தள்ளினார்.

"கேக்க மாட்டன்."

"ஒருநாளுமோ?"

"ஒருநாளும்."

திறப்பை யாரோ தரையிலிருந்து எடுக்கும் சத்தம். பிறகு நசீறா துப்பட்டியோடு வெளியே வந்து முன்னால் நடந்தாள். வழியில் ஜமால்தீன் ஓரக்கண்ணால் பார்த்தார். முகம் தெரியவில்லை. சிரிக்கிறாளோ என்று ஒரு சந்தேகம்.

அந்தத் தேர்தலின் முழுக் கணக்கு இது: பச்சையில் நூற்றுப் பன்னிரண்டு. சிவப்பில் நூற்றுப் பன்னிரண்டு. பெட்டிக்கு அடியில் ஒன்று. இதற்குள் நசீறாவின் வோட்டும் ஒன்று. அதை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது என்பது மட்டும் இன்றுவரை பாக்கி.