ஒன்றரைப் பக்கத்துக்குள் ஒரு மரணம்

1

இது நல்ல முதல் வரியாக வரும்.

கெல்சி நோவாக் அப்படித்தான் நினைத்தாள். கட்டிலில் கிடந்தவருக்கு மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. நாலு தெரு தள்ளி மைதானத்தில் ஊரே கத்திக்கொண்டிருந்தது. 'வெளியே ஒரு நகரம் ஆரவாரிக்க, உள்ளே ஒரு கை என் கைக்குள் குளிர்ந்தது.' குளிர்ந்தது என்பதா, அடங்கியது என்பதா? அடங்கியது என்றால் இன்னும்

[அவள் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.]

பல்கலைக்கழகத்தின் எழுத்து உதவி மையத்தில் எனக்கு வேலை. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள், தாங்கள் ஏன் மருத்துவராக விரும்புகிறோம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியாக வேண்டும். அதைத் திருத்திக்கொடுப்பது என் பாடு. ஒவ்வொரு வசந்தத்திலும் என் மேசைமேல் யாராவது செத்துக்கொண்டிருப்பார்கள். தாத்தாக்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், தொண்டு செய்யப் போன இடத்தில் பார்த்த முன்பின் தெரியாதவர்கள். எல்லாரும் சாகும்முன் எழுதுகிறவரின் கையை ஒருமுறை அழுத்துவார்கள். அழுத்தாமல் ஒருவர்கூடச் செத்து நான் படித்ததில்லை.

அழுத்தாத ஒருவரை நாமே உண்டாக்கினால் என்ன என்று தோன்றியது. அவர் பக்கத்தில் உட்கார ஒருத்தி தேவைப்பட்டாள்.

2

கெல்சியை முதலில் கல்நெஞ்சக்காரியாக எழுதினேன். வாசிக்கிறவர்களுக்கு அது ரொம்ப வசதி. அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம். கிழித்தேன். பிறகு அவளுக்கு நோயாளித் தம்பி ஒருவனைக் கொடுத்து, அவனுக்காகவே அவள்

இல்லை. அவனையும் எடுத்துவிட்டேன்.

மிச்சம் இருப்பவள் சாதாரணப் பெண். டொலீடோ என்ற ஊரில் அவளுடைய அப்பா பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறார். அவள் பள்ளியில் படிக்கும்போதே தேவாலயத்தில் எல்லாரிடமும் 'எங்க டாக்டர்' என்று சொல்லிவைத்துவிட்டார். இங்கே கரிம வேதியியல் வகுப்பில் உட்கார இடம் பிடிப்பதே பெரும்பாடு. மற்றவர்கள் வாங்குவதைப் பொறுத்துத்தான் அவளுக்கு மதிப்பெண். பக்கத்து இருக்கைக்காரி காய்ச்சலில் படுத்தால் இவள் ஒரு படி மேலே போவாள். அவளுக்குச் சூப் வாங்கிக்கொண்டு போகும் வழியில் அந்தக் கணக்கு நினைவுக்கு வராமல் இருக்காது. இத்தனைக்குப் பிறகும் கெல்சிக்கு வந்தது பி மைனஸ்.

அதனால் மற்றவை பலமாக இருக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் ஹாஸ்பிஸுக்குப் போனாள். இனி சிகிச்சை வேண்டாம் என்று முடிவானவர்கள் கடைசி நாட்களைக் கழிக்கும் இடம் அது. அவளுடைய அறைத்தோழி மரிசோலும் டாக்டர் கனவுக்காரிதான். ஆனால் அவளுக்குக் கிடைத்தது குழந்தைகள் வார்டு.

"உனக்கென்னடி, கொடுத்துவச்சவ. என் வார்டுல எல்லாம் குணமாகி, பலூனோட வீட்டுக்குப் போயிடுதுங்க. நான் எதைப் பத்தி எழுதறது, பலூனப் பத்தியா?"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

3

இனி நடந்தது.

வெர்ஜில் ஸ்டக்கி டயர் கடை வைத்திருந்தவர். தொண்டு செய்ய வரும் மாணவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"நீயும் டாக்டருக்குப் படிக்கிறவதானா?" என்று முதல் நாளே கேட்டார். "உனக்கு முன்னாடி ஒருத்தன் வந்தான். என் காலைத் தடவித் தடவி அழுதான். எனக்குக் கால்ல ஒண்ணும் இல்ல."

அந்தச் சனிக்கிழமை பல்கலைக்கழக அணியின் ஃபுட்பால் ஆட்டம் இருந்தது. இந்த ஊரில் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமை வேறு எதுவும் இருக்காது. வெர்ஜிலின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. கெல்சி நாற்காலியைக் கட்டிலோடு நெருக்கிப் போட்டு அவர் கையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"டி.வி.யப் போடு."

"நான் இங்கதான் இருக்கேன், மிஸ்டர் ஸ்டக்கி."

"நீ இருக்கறது தெரியுது. ஸ்கோர் என்ன?"

"நீங்க பேசாதீங்க. அமைதியா இருங்க."

"ஏ பொண்ணே, ஸ்கோர் என்னன்னு கேட்டேன்."

ரிமோட் அவள் முழங்கையருகில் இருந்தது.* எடுத்து அமுக்கியிருக்கலாம். ஆனால் அறையில் ஏதோ ஒன்று கூடி வருவதாக அவளுக்குப் பட்டது. இரண்டு வருடமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான். விளம்பரமும் வர்ணனைக்காரனின் கத்தலும் நுழைந்தால் அது கலைந்துவிடும். அவர் கையை அவள் விடவில்லை. அவர் இழுத்தார். முழுதாக இழுத்துக்கொள்ளத் தெம்பில்லை. இரண்டு விரல்கள் அவள் பிடியிலேயே மாட்டிக்கொண்டன. வெளியே மைதானம் அலறியது. அவர் தலையை அந்தப் பக்கம் திருப்பினார். யார் பக்கம் விழுந்த புள்ளிக்கு அந்த அலறல் என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அவள் நினைத்தாள்: இது நல்ல முதல் வரியாக வரும்.

நர்ஸ் ட்வைட் உள்ளே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் நாடி பார்த்தார், வெர்ஜிலின் கண்களை மூடிவிட்டார், பிறகு சுவரில் அணைந்திருந்த டி.வி.யைப் பார்த்தார்.

"டி.வி. ஏம்மா போடல? காலைல எழுந்ததுலேருந்து இந்த ஆட்டத்துக்குத்தானே உசிரப் பிடிச்சிட்டிருந்தாரு."

---
*முதல் வரைவில் ரிமோட்டை அவளுக்கு எட்டாத அலமாரிமேல் வைத்திருந்தேன். அவளுக்கு நான் செய்யப் பார்த்த உதவி அது.
---

4

ஏப்ரலில் ஆலோசகர் மிஸஸ் ஹால்வர்சனின் அறை. அவருடைய பரிந்துரை இல்லாமல் எந்த விண்ணப்பமும் இங்கிருந்து நகராது. கெட்டவர் இல்லை. மேசையில் மிட்டாய்க் கிண்ணமும் மூக்குத் துடைக்கும் காகிதமும் வைத்திருப்பவர். கெல்சி எழுதிக் கொண்டுவந்த கட்டுரையைப் படித்து முடித்தார்.

"நல்லா இருக்கு கெல்சி. ஆனா முடிவு தொங்குது. கடைசில அவர் உன் கையை அழுத்தினாருன்னு ஒரு வரி போடேன்."

"அழுத்தல. இழுத்துக்கிட்டாரு."

"இழுக்கறதும் ஒரு விதத்துல பிடிக்கறதுதான், கண்ணு."

கெல்சி முழுவதையும் சொன்னாள்: ரிமோட், ஸ்கோர், முதல் வரி. யாரிடமும் சொல்லாததை எல்லாம். சொல்லிவிட்டு, அவர் முகம் சுளிப்பதற்காகக் காத்திருந்தாள். அது நடந்தால் தேவலாம் போலிருந்தது.

மிஸஸ் ஹால்வர்சன் பேனாவைக் கீழே வைத்தார். அவர் கண்கள் மின்னின.

"இதைப் போய் ஏம்மா மறைச்ச? இதுதான் உன் கட்டுரை. தப்புப் பண்ணினேன், கத்துக்கிட்டேன், இனிமே நோயாளி சொல்றதைக் காது கொடுத்துக் கேப்பேன். படிக்கிறவங்க அசந்துடுவாங்க."

"நான் என்ன கத்துக்கிட்டேன்னு எனக்குத் தெரியல."

"ஜூன்லதானே விண்ணப்பம் அனுப்பணும், அதுக்குள்ள தெரிஞ்சுடும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன் கெமிஸ்ட்ரிய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய முடியும்? உங்கிட்ட இருக்கிறது அவர் ஒருத்தர்தான்."

5

சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவள் எழுதுகிறாள். மருத்துவக் கல்லூரியில் வெள்ளைக் கோட்டு போட்டுவிடும் விழாவில் டொலீடோவிலிருந்து வந்த அப்பா கோட்டு டையோடு உட்கார்ந்து அழுகிறார். அவள் நல்ல டாக்டராகவும் ஆகிறாள். இது நடக்கக்கூடியதுதான், அதனால்தான் பிடிக்கவில்லை.

அவள் எழுதவில்லை. வேறு ஏதோ படித்து, ஏதோ ஓர் ஏரிக்கரையில், மனநிறைவோடு

பொய்.

அவள் மைதானத்துக்குப் போய் வெர்ஜிலுக்காக ஒரு இருக்கையைக் காலியாக [வாசிப்பவரே, இதை நான் எழுதியதாக நினைக்க வேண்டாம்.]

கடைசியில் அந்த அறையிலேயே அவளை விட்டுவைத்தேன். மிஸஸ் ஹால்வர்சன் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். கெல்சி அதை எடுத்து இரண்டாக மடித்தாள்.

"வேண்டாம்."

"அப்ப எதைப் பத்தி எழுதப் போற?"

"தெரியல."

"உங்க அப்பாகிட்ட என்ன சொல்லுவ?"

கெல்சி எழுந்து கதவைத் திறந்தாள். இந்த வருடம் விண்ணப்பிப்பாளா, என்றைக்காவது விண்ணப்பிப்பாளா என்பதையெல்லாம் உங்களிடமே விடுகிறேன்.

அவள் வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் நான் நின்றிருந்தேன். அவள் எழுத மாட்டேன் என்றதை நான் எழுதி முடித்திருந்தேன், ஒன்றரைப் பக்கத்தைவிட நீளமாகவே. ஒரே ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது.

"கெல்சி, அன்னிக்கு ஸ்கோர் என்ன? நீ அப்புறம் பாத்திருப்பியே?"

"பாத்தேன்."

"சொல்லேன். கதை அதுலதான் முடியணும்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக அல்ல.

"அது அவர் கேட்டது" என்றாள்.