பேச்சிமுத்துவின் பத்து சென்டிமீட்டர்

எங்கள் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் போட்டிகளில் தோற்ற அணிக்கு ஆளுக்குப் பத்து சென்டிமீட்டர் உயரம் குறையும். வென்ற அணிக்கு ஆளுக்குப் பத்து சென்டிமீட்டர் கூடும். அம்பயர் ஆட்டம் முடிந்தது என்று சொன்ன பிறகு, கைகால் கழுவி ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் இது நடந்துவிடும். மாறுவது உயரம் மட்டும்தான். கைபலம், பசி, அரியர் பாடங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். சீசனுக்குப் பதின்மூன்று ஆட்டங்கள். கடைசி ஆட்டம் முடியும்போது ஒருவருக்கு என்ன உயரமோ, அடுத்த சீசன் வரை அதுதான் அவருடைய உயரம். இறுதியாண்டு மாணவர்களுக்கு அடுத்த சீசன் கிடையாது.

எங்கள் கல்லூரி அந்த ஆண்டுதான் முதன்முதலாக அணி சேர்த்தது. நான் கேட்சர். அடிப்பவருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பந்தைப் பிடிப்பது என் வேலை. வேலையே உட்கார்வது என்பதால் உயரத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இருந்ததில்லை. கவலை பேச்சிமுத்துவுக்கு இருந்தது. அவன் எங்கள் பிட்சர், பந்து வீசுபவன், என்னோடு இறுதியாண்டு வரலாறு படித்தவன். முந்தைய ஆண்டு காவலர் எழுத்துத் தேர்வில் தேறி, மைதானத்தில் அளந்தபோது நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர் இருந்தான். நூற்று எழுபது வேண்டும். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு மூன்று மாதம் பார் கம்பியில் தொங்கினான். கை நீண்டதாகச் சொன்னான், ஆள் நீளவில்லை. இந்த ஆண்டும் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். தாமதமாகக் கல்லூரியில் சேர்ந்தவன் என்பதால், வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

ஆகவே உடற்கல்வித் துறையில் பேஸ்பால் அணி சேர்க்கிறார்கள் என்ற அறிவிப்பைப் பார்த்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான். துணைக்கு என் பெயரையும் என்னைக் கேட்காமலே கொடுத்தான்.

"ஏழு ஜெயிச்சி ஆறு தோத்தாப் போதும்டே. பத்து சென்டிமீட்டர் கெடச்சிரும். எனக்கு ரெண்டுதான் வேணும், மிச்ச எட்டு சும்மா கெடக்கட்டும்" என்றான்.

முதல் ஆறு ஆட்டங்களிலும் தோற்றோம். பேச்சிமுத்து நூற்று எட்டு சென்டிமீட்டருக்கு வந்தான். ஆட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் எங்களுக்கு அரை டிக்கெட் கொடுத்தார். வகுப்பில் பேராசிரியர்கள் எங்களை முதல் பெஞ்சுக்கு மாற்றினார்கள். பேச்சிமுத்துவின் அக்கா செல்லக்கனி வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்தாள். தினமும் பத்துப் பதினைந்து ரவிக்கை தைக்கிறவள். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் ஆட்டம் முடிந்து போகும்போது மிஷினை விட்டு எழுந்திருக்காமலே கேட்பாள்.

"எல, இந்த வாரம் மடிக்கணுமா, பிரிக்கணுமா?"

"மடிக்கணும்க்கா."

"குடு."

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டாள். பேண்டின் கீழே ஆறு மடிப்பு சேர்ந்தபோதுகூட, நடக்கும்போது கனமாக இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டாள்.

ஏழாவது ஆட்டத்திலிருந்து நிலைமை மாறியது. பேஸ்பாலில் பந்து, அடிப்பவரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே வரவேண்டும். நான்கு பந்துகள் அப்படி வராமல் போனால் அவர் மட்டையை வைத்துவிட்டு முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். எங்களுக்கு முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே இப்போது அதிக இடம் இல்லை. எதிரணிப் பிட்சர்களால் அந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை. எங்கள் உடற்கல்வி இயக்குநர் தங்கையா சார் எங்களைக் கூப்பிட்டு ஒரே ஓர் உத்தியைச் சொன்னார்.

"யாரும் மட்டையத் தூக்கக் கூடாது. சாமி சிலை மாதிரி நில்லுங்க."

நின்றோம். நடந்து போனோம். ஒருவர் பின் ஒருவராக நடந்து போனால் முன்னால் இருப்பவர் ஒவ்வொரு பேஸாகத் தள்ளப்பட்டுக் கடைசியில் ரன் ஆகிவிடும். அப்படியே மூன்று ஆட்டங்களை வென்றோம். ஆனால் வெல்ல வெல்ல வளர்ந்தோம், வளர வளர அப்படி நடந்து போக முடியவில்லை. அடுத்த மூன்றையும் அடித்து ஆடித்தான் வெல்லவேண்டியிருந்தது. செல்லக்கனி வாரத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்தாள். பன்னிரண்டாவது ஆட்டம் முடிந்தபோது ஆறு வெற்றி, ஆறு தோல்வி. பேச்சிமுத்து மறுபடியும் நூற்று அறுபத்தெட்டு. சீசன் தொடங்கிய அன்று இருந்த இடத்திலேயே வந்து நின்றான். உடல் அளவுத் தேர்வுக்கு இருபது நாள் இருந்தது.

பதின்மூன்றாவது ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. எதிரணி கடற்கரையோரக் கல்லூரி ஒன்று. அவர்கள் பன்னிரண்டு ஆட்டங்களிலும் தோற்றிருந்தார்கள். ஒன்பது பேரும் கோச்சும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்தார்கள், அதிலும் கோச் தாராளமாகக் கால் நீட்டித்தான் உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஒவ்வொருவரையாகத் தூக்கி இறக்கிவிட்டார். கேப்டன் ஜெபசிங் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் இருந்தான். பேஸ்பால் மட்டை அவர்களுக்கு உயரமாகப் போய்விட்டதால் ஆளுக்கொரு பூரிக்கட்டை கொண்டுவந்திருந்தார்கள். விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அம்பயர் அனுமதித்தார்.

அவர்கள் சும்மா நின்றிருந்தாலே எந்த ஆட்டத்தையும் வென்றிருக்கலாம். அவர்களுடைய முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு ஜாண்கூட இல்லை. ஆனால் அவர்களுடைய கோச்சுக்குச் சும்மா நிற்பது பிடிக்காது. ஆட்டம் தொடங்கும் முன்பே மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"கைல கட்டை எதுக்கு இருக்கு? அடிக்கதுக்கு. நடந்து போயி ரன் எடுக்கவன் என் டீமுக்கு வேண்டாம்."

அவர்களும் வந்த பந்தையெல்லாம் அடிக்கப் போனார்கள். பாதிக்கு மேல் தலைக்கு மேலே போன பந்துகள். குதித்துக் குதித்துக் கட்டையை வீசினார்கள். மூன்று தடவை வீசித் தவறவிட்டால் அவுட்.

ஆனாலும் ஆட்டம் எங்களுக்குச் சுலபமாக இல்லை. பலம் குறையாதவர்கள் அல்லவா. ஜெபசிங் பந்து வீசும்போது அது தரையிலிருந்து கிளம்பி முகத்தை நோக்கி ஏறி வரும். கடைசி இன்னிங்ஸில் அவர்கள் அடிக்க வந்தபோது எங்களுக்கு இரண்டு ரன், அவர்களுக்கு ஒன்று. இரண்டு பேர் அவுட். மூன்று பேஸிலும் அவர்களுடைய ஆட்கள் இருந்தார்கள். பேஸ் பையின் மேல் ஏறி நின்றதால் தெரிந்தார்கள். அடிக்க வந்தவன் ஜெபசிங். இன்னும் ஓர் அவுட் எடுத்தால் பேச்சிமுத்து போலீஸ்.

முதல் பந்து தலைக்கு மேல் போனது. ஜெபசிங் குதித்துக் கட்டையை வீசினான். தவறியது. இரண்டாவது பந்தும் அப்படியே. பேச்சிமுத்து பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். அவன் உதடு காய்ந்திருந்தது இங்கிருந்தே எனக்குத் தெரிந்தது.

நான் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். அப்படியும் ஜெபசிங்கின் முகம் என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவன் திரும்பி மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"இப்ப நான் கட்டைய வீசாம சும்மா நின்னா என்ன ஆவும்?"

அவனும் இறுதியாண்டு. கேள்வியில் நக்கல் ஒன்றும் இல்லை, தெரியாமல்தான் கேட்டான். பன்னிரண்டு ஆட்டம் ஆடியும் அவனை யாரும் சும்மா நிற்க விட்டதில்லை. நான் பதில் சொல்லியிருந்தால் அவன் நின்றிருப்பான். நான்கு பந்தில் நடந்திருப்பான். ஆட்டம் சமமாகியிருக்கும். அடுத்தவனும் நின்றிருப்பான், அதற்கடுத்தவனும் நின்றிருப்பான். பொழுது சாயும் வரை அவர்கள் நடந்துகொண்டே இருந்திருப்பார்கள்.

"உங்க சார்ட்ட கேளேன்" என்றேன்.

அவன் கோச்சைப் பார்த்தான். கோச் எழுந்து நின்று, "என்னலே பேச்சு அங்க? அடி!" என்று கத்தினார்.

பேச்சிமுத்து வீசினான். ஜெபசிங் குதித்தான். பந்து என் கையுறைக்குள் வந்து விழுந்தது. அம்பயர் முடிந்தது என்றார்.

கைகால் கழுவி டீ குடித்தோம். எல்லோருக்கும் பத்து சென்டிமீட்டர் கூடியது. பேச்சிமுத்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். அவனுடைய தோள் புதிதாக வேறொரு உயரத்தில் இருந்ததால் என் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆட்டோ கிளம்பும்போது நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் பொய் சொல்லவில்லைதான். ஆனாலும் அந்தப் பதில் எனக்கு உறுத்தியது. இன்றைக்கும் உறுத்துகிறது. ஜெபசிங் இப்போது செல்போன் பழுது பார்க்கும் கடையில் இருக்கிறானாம். முப்பத்தைந்து சென்டிமீட்டர். வேலை சுத்தமாக இருக்கும் என்கிறார்கள்.

அளவுத் தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போனோம். அதற்கு முதலில் நோ டியூஸ் படிவத்தில் நூலகம், விடுதி, உடற்கல்வித் துறை மூன்றிலும் கையெழுத்து வேண்டும். முதல் இரண்டும் கிடைத்துவிட்டன. தங்கையா சார் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"கிளவுஸ் வந்துருச்சி. ஜெர்சி வந்துருச்சி. அந்தப் பத்து சென்டிமீட்டர் எங்க?"

"எது சார்?" என்றான் பேச்சிமுத்து.

"சீசன்ல கெடச்சது. காலேஜ் பேர்ல ஆடிக் கெடச்சது காலேஜ் சொத்துல்லா? ஒப்படைச்சிட்டுத்தான் போகணும்."

"கொறஞ்சிருந்தா சார்?" என்று நான் கேட்டேன்.

"கொறஞ்சா அது மாணவர் பொறுப்பு. படிவத்துக்குப் பின்னால போட்டிருக்கு, வாசி."

திருப்பிப் பார்த்தேன். போட்டிருந்தது.

பேச்சிமுத்துவின் முகம் செத்துப்போயிற்று. ஸ்டோர் ரூம் சுவரில் முதுகை ஒட்டி நின்றான். தங்கையா சார் ஸ்கேலை அவன் தலைமேல் வைத்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, பத்து சென்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டார். அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, சணலால் கட்டி, பெயரும் பாடப்பிரிவும் எழுதி, பீரோவில் கையுறைகளுக்கு மேல் தட்டில் வைத்துப் பூட்டினார். அடுத்து என்னுடையதையும் எடுத்தார். எனக்கு வலிக்கவில்லை.

"சார், பதினாலாம் தேதி இவனுக்கு அளவு இருக்கு. அது இல்லாமப் போனா நூத்தி அறுபத்தெட்டுதான் வரும்" என்றேன்.

தங்கையா சார் கெட்ட மனிதர் இல்லை. கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"பொருளக் குடுக்க முடியாது. சர்ட்டிபிகேட் வேணும்னா தாரேன்."

துறையின் தாளில் நான்தான் எழுதினேன், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். 'மேற்படி மாணவரின் உயரத்தில் பத்து சென்டிமீட்டர் எங்கள் துறையின் பாதுகாப்பில் நல்ல நிலையில் உள்ளது எனச் சான்றளிக்கப்படுகிறது.' சார் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் சான்றொப்பம் வாங்கினோம். ஒரு கன்றுக்கு ஊசி போட்டுவிட்டு வந்து, பச்சை மையில் போட்டுத் தந்தார்.

பதினான்காம் தேதி மைதானத்தில் வரிசை நீளமாக இருந்தது. நான் கம்பிவேலிக்கு வெளியே நின்றேன். பேச்சிமுத்துவின் முறை வந்தது. அளக்கும் கட்டை அவன் தலையில் வந்து உட்கார்ந்தது.

"நூத்தி அறுபத்தெட்டு" என்றார் அளந்தவர்.

பேச்சிமுத்து தாளை நீட்டினான். மேஜையில் இருந்த அதிகாரி இரண்டு தடவை வாசித்தார். பச்சை மையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரிஜினல் எங்கப்பா?"

"காலேஜ்ல இருக்கு சார்."

"சேரும்போது கொண்டு வந்துருவியா?"

"குடுக்க மாட்டாங்க சார். காலேஜ் சொத்து."

"அப்படியா. அப்பச் சரி" என்று சொல்லி, அதிகாரி பேரேட்டில் நூற்று எழுபத்தெட்டு என்று எழுதினார்.

பயிற்சி முடிந்து முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது என்னை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தான். செல்லக்கனி மிஷினை விட்டு எழுந்து வந்து காக்கிச் சட்டையின் தோளைத் தட்டிவிட்டாள். பேண்டைப் பார்த்தாள். மடிக்கவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். பிறகு தொப்பியை எடுத்து அவன் தலையில் வைத்தாள். அது தலைக்குப் பத்து சென்டிமீட்டர் மேலேயே நின்றது. நடுவில் ஒன்றும் இல்லை. பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரின் தேதி தெரிந்தது.

"நேரா இருக்காடா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

எனக்கு ஜெபசிங் கேட்ட கேள்வி நினைவு வந்தது.

"கொஞ்சம் இடப்பக்கம் சாஞ்சிருக்குக்கா" என்றேன்.

அவள் ஒரு முக்காலியைப் போட்டு ஏறித் தொப்பியைச் சரிசெய்தாள். பேச்சிமுத்து வாசலுக்கு வந்ததும் நிலைப்படி இடிக்காமல் இருக்கக் குனிந்தான், தொப்பியும் கூடவே குனிந்தது. தெருவில் இறங்கி நிமிர்ந்து நடந்தான். எதிரே பறந்து வந்த ஒரு தட்டான், தலைக்கும் தொப்பிக்கும் நடுவே புகுந்து அந்தப் பக்கமாகப் போனது.