காப்புக் கட்டிய கை

2025 ஜூலை 31, வியாழக்கிழமை காலை, கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையின் தரைத்தளத்தில், தரை தேய்க்கும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த தைலம்மாள் மின்சாரம் தாக்கி இறந்தார். ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்ததால் தரை தினமும் கழுவப்பட்டது. தைலம்மாள் காலில் ஒன்றும் அணிந்திருக்கவில்லை.

கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் துப்புரவு ஆட்களை அனுப்பும் நிறுவனத்தில் பாதுகாப்புப் பிரிவின் தலைவி எழில்மதி. விபத்து அறிக்கையை அவர்தான் எழுத வேண்டும்.

முந்தைய ஞாயிறன்று தைலம்மாள் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டார். மறுநாள் எழில்மதியிடம் மஞ்சள் கயிற்றைக் காட்டினார்.

"மேடம், கூழ் ஊத்தற வரிக்கும் பூட்ஸ் போடக்கூடாது. ஆத்தா கோச்சுக்கும்."

"நான் கோச்சுக்க மாட்டனாக்கா?"

"நீங்க கோச்சுக்கினா சம்பளந்தான் கம்மி. ஆத்தா கோச்சுக்கினா அம்மை வந்துடும்."

எழில்மதி சிரித்துவிட்டார். சங்கராபுரத்தில் அவருடைய அம்மாவும் காப்புக் கட்டுகிறவர்தான். "சரி, அதுவரைக்கும் கண்ணாடி தொடைங்க. மிஷின் பக்கம் போவாதீங்க" என்றார். அன்று வேறு இரண்டு கட்டடங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. கடையின் மேற்பார்வையாளரிடம் இதைச் சொல்லவில்லை.

வியாழனன்று இயந்திரம் ஓட்டுகிற பெண் வரவில்லை. மேற்பார்வையாளர் தைலம்மாளை ஓட்டச் சொன்னார். தைலம்மாள் மறுக்கவில்லை. வயரில் தோல் கிழிந்த இடத்தில் டேப் சுற்றியிருந்தது. தரை ஈரமாக இருந்தது.

சனிக்கிழமை நிறுவனத்தின் மேலாளர் வெங்கடேசன் எழில்மதியை அழைத்தார்.

"பூட்ஸ் போடலைன்னு எழுதும்மா. அது பொய்யா?"

"பொய் இல்ல சார். வயர் கிழிஞ்சிருந்ததும் பொய் இல்ல. போட வேணாம்னு வுட்டது நானு."

"அது யாருக்குத் தெரியும்?"

எழில்மதி பேருந்து ஏறி தைலம்மாளின் ஊரான வடக்கனந்தல் போனார். கல்வராயன் மலைப் பக்கம் மழை இறங்கியிருந்தது. தைலம்மாளின் கணவர் அம்மாசி வாசலில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அவர் மடியில் மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் கவர் இருந்தது. அதற்குள் வளையல்களும் அறுத்தெடுத்த மஞ்சள் கயிறும்.

"கோயில்லதான் அவுக்கணும் இத. சாவு வுழுந்த வூட்டுக்காரன் கோயிலுக்குப் போவக்கூடாது. இத இன்னா செய்யறதுன்னு தெரியல" என்றார்.

பிறகு கேட்டார்: "வெறுங்கால்ல நின்னதாலதான் போயிட்டான்னு கம்பெனில சொல்றாங்க. வெரதத்துல இன்னாவோ கொறைன்னு ஊர்ல பேசிக்கினு கீறாங்க. எதும்மா நெசம்?"

"அக்கா மேல கொறை இல்லைங்க. மிஷின் பக்கம் போவாதீங்கன்னு அவங்ககிட்ட சொன்னேன். போவச் சொல்றவருகிட்ட சொல்லல."

அம்மாசி கவரின் வாயைச் சுருட்டி மூடினார்.

"நல்ல மேடம்னு சொல்லிக்கினு வந்தா அன்னிக்கு. ஆத்தாளுக்கு ஒத்துக்கினாங்கன்னு" என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். எழில்மதி வேண்டாம் என்றார்.

திங்களன்று அறிக்கை போனது. சேதமான வயர், இயந்திரம் ஓட்டச் சொன்ன மேற்பார்வையாளர், அவருக்குத் தெரிவிக்கப்படாத அனுமதி என்று அதில் இருந்தது. அனுமதி கொடுத்தவர் பெயரும் இருந்தது. தைலம்மாளின் தவறு என்று எதுவும் இல்லை.

அந்த மாதக் கடைசியில் எழில்மதி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். கடைக்குப் புது இயந்திரம் வந்தது. பாதுகாப்புப் பிரிவுக்கு வேறு ஆள் எடுக்கவில்லை.