எட்டாவது பெயர்

அம்மா வீட்டுப் பின்வாசல் தூணில் தொங்கிய அந்தப் பித்தளை மணி என்றைக்கிருந்தாலும் தனக்குத்தான் என்று பெர்னடெட் நினைத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே வைத்திருந்ததால் அது வருடத்துக்கு வருடம் இன்னும் அவளுடையதாகிக்கொண்டே வந்தது.

அம்மா வீட்டை விற்றுவிட்டு மகன் டென்னிஸோடு இருக்கப் போகிறாள். தொண்ணூறை நெருங்கும் வயதில் மாடிப்படி அவளுக்கு ஒத்துவரவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். மூத்தவன் ஜெரால்ட் அப்பாவின் நாற்காலியைக் கேட்டான். ரோஸ்மேரி தையல் மிஷினைக் கேட்டாள். யூஜின் ரேடியோவை. நாலாவது பிள்ளை பாலுடைய முறை வந்தபோது எல்லோரும் சற்று நேரம் தரையைப் பார்த்தார்கள். அவன் வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பாதவன். அடுத்தது பெர்னடெட். ஏழில் ஐந்தாவதாகப் பிறந்தவளுக்குக் காத்திருப்பது பழகிப்போன வேலை.

"ரோஸ்... லோயிஸ்... ஏய், உன்னைத்தான், பெர்னி. உனக்கு என்னடி வேணும்?"

"அந்த மணி."

"அது ஆர்லீனுக்கு. போன்ல சொல்லியாச்சு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு டென்னிஸ் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஆர்லீன் பக்கத்து வீட்டுப் பெண். இப்போது அரிசோனாவில் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்கிறாள் என்பதே பெர்னடெட்டுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

லிண்டன் தெருவில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள். இரண்டாம் உலகப் போருக்குப் போன அப்பாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பி, ஒரே மாதிரி வீடுகளை வாங்கி, ஒரே மாதிரி வேலிக்குள் பிள்ளைகளைப் பெற்றுத் தள்ளியிருந்தார்கள். பள்ளியில் இடம் போதாமல் பாதிப் பேர் காலையிலும் பாதிப் பேர் மத்தியானமும் படித்தார்கள். பெர்னடெட்டின் உடுப்பு ரோஸ்மேரியுடையது, சைக்கிள் பாலுடையது, அதன் இருக்கை யூஜின் எங்கிருந்தோ கழற்றிக்கொண்டு வந்தது. ஜெரால்டுக்கு ஒரு ஆல்பம் நிறையக் குழந்தைப் படங்கள் இருந்தன. அவளுக்கு ஒன்று இருந்தது. அதிலும் யாருடைய முழங்கையோ அவள் முகத்தில் பாதியை மறைத்தது.

இத்தனை கூட்டத்தில் ஆர்லீன் மட்டும் ஒற்றைப் பிள்ளை. அவளுக்குத் தனி அறை இருந்தது. பொம்மை இருந்தது, அந்தப் பொம்மைக்கே ஒரு பெட்டி இருந்தது. தெருவில் முதல் கலர் டிவி அவர்கள் வீட்டில்தான் வந்தது. பெர்னடெட் எல்லாவற்றையும்விடப் பொறாமைப்பட்டது ஆர்லீனின் இரவுச் சாப்பாட்டைப் பார்த்து. கடையில் சாப்பாட்டோடு வாங்கிச் சுடவைக்கும் அலுமினியத் தட்டு. கறிக்கு ஒரு குழி, பட்டாணிக்கு ஒரு குழி, இனிப்புக்கு ஒரு சின்னக் குழி. மொத்தத் தட்டும் ஒரே ஆளுக்கு. அதில் யாரும் கை நீட்ட முடியாது.

இவ்வளவும் இருந்தும் அவள் பெர்னடெட் வீட்டில், ஹுடாக் குடும்பத்துச் சமையலறையில்தான் கிடந்தாள். பெர்னடெட்டின் அம்மா அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். தெருவிளக்கு எரிந்ததும் அம்மா பின்வாசலில் வந்து நின்று மணியை அடித்து, வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஜெரால்ட், ரோஸ்மேரி, யூஜின், பால், பெர்னடெட், டென்னிஸ், லோயிஸ். பிறகு ஒரு மூச்சு விட்டு, எட்டாவதாக, ஆர்லீன். தனித்தனியாகக் கூப்பிடும்போது பிள்ளைகளின் பெயரெல்லாம் அம்மாவுக்குக் குழம்பும். பெர்னடெட்டை அடைய மூன்று பெயரையாவது தாண்டி வர வேண்டும். ஆர்லீன் பெயர் மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

சனிக்கிழமை அம்மாவை வழியனுப்ப அந்தத் தெருவின் பழைய பிள்ளைகள் வருவதாக ஏற்பாடு. அன்று காலையில் பெர்னடெட் எல்லோருக்கும் முன்னால் வந்தாள். நாற்காலியில் ஏறி மணியைக் கழற்றி, குளியல் துண்டில் சுற்றி, கார் டிக்கியில் வைத்து மூடினாள். அறுபத்தோரு வயதில் செய்கிற காரியமா என்று ஒருமுறை தோன்றியது. நாற்காலியைத் துடைத்துப் பழைய இடத்தில் போட்டுவிட்டு உள்ளே போய், அரிசியும் கறியும் பொதிந்து வேகவைக்கும் முட்டைக்கோஸ் சுருளுக்கு அரிசி களைந்தாள்.

மத்தியானத்துக்குள் கொல்லைப்புறம் நரைத்த தலைகளால் நிறைந்துவிட்டது. கொசு மருந்து லாரி விட்டுப்போகும் வெள்ளைப் புகைக்குள் ஓடி ஒளிந்ததை ஒருவர் சொன்னார். அணுகுண்டு விழுந்தால் தப்பிக்கப் பள்ளி மேசைக்கடியில் தலையைக் கவிழ்த்துப் பழகியதை இன்னொருவர் சொல்ல, இப்போது அப்படிக் குனிந்தால் நிமிர்த்த ஆள் வேண்டும் என்று ஜெரால்ட் இடுப்பைப் பிடித்துக் காட்டினான். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் அம்மாவிடம் வந்து நின்றது. ஒருவனுக்கு அவள் முழங்காலில் மருந்து போட்டிருக்கிறாள். ஒருத்திக்கு முதல் நடன விருந்துக்கு உடுப்பு தைத்துக் கொடுத்திருக்கிறாள். பெர்னடெட் காகிதத் தட்டுகளை அடுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரே அவள் அம்மாவை ஆளுக்குக் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்துப்போய்ப் பத்திரமாக வைத்திருந்தது. எல்லோரிடமும் ஒரு துண்டு இருந்தது.

ஆர்லீன் வந்தாள். குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, மெலிந்த உடம்பு, வெயிலில் பழுத்த முகம். அது அவளுக்கு அழகாகவும் இருந்தது. பெர்னடெட்டுக்கு அதுவும் பொறுக்கவில்லை. அம்மா அவள் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. பிறகு மணியைக் கொண்டுவரச் சொன்னாள். தூணில் வெறும் கொக்கிதான் இருந்தது.

எல்லோரும் தேடினார்கள். பெர்னடெட்டும் தேடினாள். கொட்டகை வரை போய்ப் பழைய பெயிண்ட் டப்பாக்களை நகர்த்தியும் பார்த்தாள். பின்வாசலில் தொங்குவதைக்கூடத் திருடும் காலமாகிவிட்டதே என்று ரோஸ்மேரி வருத்தப்பட்டபோது, ஆமாம் என்று சேர்ந்து வருத்தப்பட்டாள்.

அப்போதுதான் ஐஸ் தீர்ந்துவிட்டது என்றாள் அம்மா. "யூஜின்... லோயிஸ்... பெர்னி, நீ வண்டிய எடு. நானும் வரேன்."

கடைக்குப் போகும் வழியில் ரயில் பாதையைத் தாண்ட வேண்டும். முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறியதும் பின்னாலிருந்து டங் என்றது. பின்சக்கரம் ஏறியதும் டங் டங் என்று இரண்டு முறை.

"வண்டிய சர்வீசுக்கு விடணும்" என்றாள் பெர்னடெட்.

அம்மா நேராகச் சாலையைப் பார்த்தாள். "நல்ல சத்தம். நாலு தெருவுக்குக் கேக்கும்போல."

ஐஸ் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ரயில் பாதைக்குச் சற்று முன்னால் பெர்னடெட் காரை ஓரமாக நிறுத்தினாள்.

"என் பேரை ஒரு தடவையாவது முதல்லயே சரியா சொல்லியிருக்கியாம்மா? அவ பேரு மட்டும் உனக்குத் தப்பவே தப்பாது."

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏழு பேரும் எனக்கு ஒரே மூச்சுடி. ஒருத்தரை இழுத்தா மத்தவங்களும் கூடவே வருவீங்க. அவ அந்த வரிசையில இல்ல. அவளைத் தனியாத்தான் கூப்பிடணும்."

பிறகு சொன்னாள். ஆர்லீனின் அப்பா விற்பனை வேலையாக ஊர் ஊராகச் சுற்றுகிறவர். அவள் அம்மாவுக்கு டெலிபோன் ஆபீசில் மாலை வேலை. ஒருநாள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டபின், காயப்போட்ட துணியை எடுக்க வெளியே போனால், அந்தப் பெண் இருட்டில் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருக்கிறது. தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகச் சாத்துவதைக் கேட்டுக்கொண்டு. "என்ன கேட்டா தெரியுமா? 'மிசஸ் ஹுடாக், நாளைக்கும் மணி அடிப்பீங்களா'ன்னு கேட்டா. மறுநாள்லேந்து அவ பேரையும் சேத்துக்கிட்டேன். அவ்வளவுதான்."

இதைக் கேட்டு பெர்னடெட்டின் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. இருட்டில், துணிக்கொடியின் கீழே, அம்மாவும் ஆர்லீனும் மட்டும் பேசிய ஒரு பேச்சு இத்தனை வருடமாக இருந்திருக்கிறது. அப்படி ஒன்று தனக்கு இருக்கிறதா என்று தேடினாள். எதை எடுத்தாலும் ஓரத்தில் லோயிஸ் அழுதுகொண்டிருந்தாள், அல்லது டென்னிஸுக்கு மூக்கில் ரத்தம்.

"வரிசைக்குத்தான் உன் பேரு. உன்னைக் கூப்பிட மணியா வேணும்?" என்றாள் அம்மா. "நீதான் எப்பவும் அடுப்பங்கரை மேசைக்குக் கீழேயே கிடப்பியே. உன் மேல எத்தனை தடவை இடறியிருக்கேன்."

பெர்னடெட் வண்டியை எடுத்தாள். இப்படி முன்சீட்டில் அம்மா பக்கத்தில், பின்சீட்டில் யாருமே இல்லாமல், எப்போதாவது போயிருக்கிறோமா என்று யோசித்தாள். நினைவில்லை. ரயில் பாதை பக்கம் திரும்பாமல் ஏரிக்கரைச் சுற்றுவழியில் திருப்பினாள்.

"ஐஸ் உருகுதுடி."

"உருகட்டும்."

அம்மா கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே காற்றில் நீட்டிக்கொண்டாள். வீட்டு வாசலுக்கு வந்தபின் சொன்னாள். "உன் வண்டி, உன் டிக்கி. நான் எதையும் கேக்கல, பாக்கல." சொல்லிவிட்டு ஜெரால்டின் தோளைப் பிடித்து இறங்கிப் போய்விட்டாள்.

பெர்னடெட் காருக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு டிக்கியைத் திறந்தாள். துண்டோடு மணியைக் கொண்டுபோய் ஆர்லீன் மடியில் வைத்தபோது எங்கே கிடைத்தது என்று ரோஸ்மேரி கேட்டாள்.

"என்கிட்டதான் இருந்துது" என்றாள் பெர்னடெட்.

அடி, அடி என்று எல்லோரும் ஆர்லீனைத் தூண்டினார்கள். அவள் எழுந்து பின்வாசல் படியில் ஏறினாள். மணியை அடித்தாள். அம்மா இழுக்கிற அதே இழுப்பில் கூப்பிட்டாள். ஜெரால்ட். ரோஸ்மேரி. யூஜின். பால். அந்தப் பெயரையும் அவள் விடவில்லை. கொல்லையில் சலசலப்பு அடங்கியது. பெர்னடெட். தன் பெயர், முதல் தடவையிலேயே, பிசகில்லாமல், இன்னொருத்தி வாயில். டென்னிஸ். லோயிஸ்.

அங்கே நிறுத்தி மணியைத் தாழ்த்தினாள்.

ஏழு பெயரோடு முடிகிற அழைப்பு. சிறுமியாக இருந்தபோது எத்தனையோ மாலைகளில் பெர்னடெட் வேண்டிக்கொண்டது இதைத்தான். இப்போது அது வந்தது. இருட்டில் இறங்கும்போது கடைசிப் படி இல்லாத மாதிரி இருந்தது. அம்மா தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆர்லீன்" என்றாள் பெர்னடெட். சத்தமாகச் சொல்லவில்லை, அன்பாகச் சொன்னாள் என்றும் சொல்ல முடியாது. "வா. சாப்பாடு ஆறுது."

ஆர்லீன் மணியை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி வந்து தட்டை நீட்டினாள். பெர்னடெட் கரண்டியைச் சட்டியில் விட்டு, இருந்ததிலேயே சின்னச் சுருளாகப் பார்த்து எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.