உள்ளே இருப்பவருக்கு அழைப்பு

குழந்தை பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். குழந்தை மட்டும் வரவில்லை.

டாக்டர் சொன்ன தேதியை அம்மா எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அவர்கள் அந்தத் தேதியில் வந்தார்கள். அவர்கள்மேல் தவறு இல்லை. ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கி வந்திருந்தார்கள். பார்க்காமல் திரும்பினால் முறையாகாது என்பதால் யாரும் திரும்பவில்லை. கூடத்தில் பாய் விரித்துத் தங்கிவிட்டார்கள்.

நான் போகும் மாலை எழுத்து வகுப்பில் எங்கள் ஆசிரியர், எதையும் நடந்த வரிசையிலேயே எழுதப் பழகுங்கள் என்பார். அப்படித்தான் எழுதப் பார்க்கிறேன். வரிசை தப்பினால் அது என் தவறு.

தினமும் காலையில் பல் துலக்கிவிட்டு எல்லோரும் தொட்டிலைப் பார்ப்பார்கள். அதில் ஒன்றும் இருக்காது.

"மூக்கு அப்பனாட்டவே இருக்குது" என்பார் பெரியம்மா.

"காது நம்மூட்டுக் காது" என்பார் பொன்னுசாமி மாமா.

நான் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொள்வேன். தொட்டில் காலி என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"அப்புடிச் சொல்லாத அம்மிணி, கொழந்த காதுல உழுகும்" என்றார் பெரியம்மா.

பொன்னுசாமி மாமா என் தாய்மாமன். என் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அப்பா நேரில் போகாமல் போனில் அழைத்துவிட்டார். "நீங்க முன்னால போங், நான் பின்னாலயே வாரேன்" என்று மாமா போனில் சொன்னார். முன்வரிசையில் அவருக்காக ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தோம். மண்டபக்காரர்கள் நாற்காலிகளை அடுக்கும்போது அதைக் கடைசியாக எடுத்தார்கள். இப்போது அழைக்காமலே வந்திருக்கிறார். குழந்தை பார்க்க அழைப்பு வேண்டியதில்லையாம்.

அம்மா மூன்று வேளையும் எல்லோருக்கும் சமைத்தார். அரிசி ஊற வைக்கும்போது என் வயிற்றைப் பார்ப்பார். நான் நாலு பேரைக் கூட்டி வைத்துவிட்டுக் கையை விரித்தவள் போல உணர்ந்தேன்.

வயிற்றில் குழந்தை நன்றாகத்தான் அசைந்தது. வெளியே வருவதற்கான அசைவாக அது இல்லை. சாப்பிட்டுவிட்டுப் புரண்டு படுக்கும் அசைவு.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். உறவினர்களும் வேனில் வந்தார்கள். தொட்டிலையும் எடுத்து வந்தார்கள்.

டாக்டர் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் நாள் தள்ளிவிட்டது என்றார்.

"நாளைக்குக் காலைல வரைக்கும் பாக்கலாம்மா. அப்பவும் வலி வரலைன்னா ட்ரிப்ஸ் போட்டு வரவெச்சுக்கலாம்."

"அதைவிட மெதுவா ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

கேட்டவுடன் முகம் சூடாகிவிட்டது. காய்கறிக் கடையில் பேரம் பேசியதுபோல இருந்தது. எனக்கு வலிக்குப் பயமில்லை என்று விளக்க நினைத்தேன். கையைப் பிடித்து இழுத்து வந்த விருந்தாளி கடைசிவரை முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். என் குழந்தையும் அப்படி என் வீட்டில் இருந்துவிடக் கூடாது. இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் டாக்டர் அடுத்த அறைக்குக் கைகாட்டிவிட்டார்.

அங்கே ரெஜினா சிஸ்டர் இருந்தார். மெதுவான முறைகள் எல்லாம் அவர் பொறுப்பு.

"பேரீச்சம்பழம் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் சிஸ்டர்."

"நடந்தியா?"

"நடந்தேன்."

"கேட்டுப் பாத்தியா?"

"யாரை சிஸ்டர்?"

"வேற யாரை? உள்ள இருக்கறவங்களைத்தான்."

நான் கேட்டிருக்கவில்லை. ஊரில் எல்லோரும் என்னைக் கேட்டார்கள். நான் யாரையாவது கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

சிஸ்டர் ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்தார். "ம்" என்றார். "சரி" என்றார். "அது நியாயந்தான்" என்றார். பிறகு காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கோவமா இருக்காங்க."

"என்னவாம்?"

"வளைகாப்புக்கு ஊரையே அழைச்சீங்களாம். அவங்களுக்குத்தான் ஒரு வார்த்தை சொல்லலையாம்."

என்னோடு வந்த அம்மா வாயில் கைவைத்தார். "அதையுமா கூப்படோணும்? அது கூடவேதான இருந்துச்சு!"

"கூடவே இருந்தா?" என்றார் பொன்னுசாமி மாமா. அவர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. "கூடவே இருக்கறவனுக்குத்தானக்கா மொத அழைப்பு வெக்கோணும். நானா இருந்தாலும் வரமாட்டேன்."

தட்டில் என்னென்ன வைக்க வேண்டும் என்று அம்மா அவரையே கேட்டார். அவருக்கு அது பிடித்திருந்தது.

தட்டு தயாரானது. வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், குங்குமம். எல்லாவற்றையும் உறவினர்கள் தொட்டிலில் வைத்து உள்ளே கொண்டுவந்தார்கள். தம்பதியாகப் போய் அழைப்பதுதான் முறை என்றார் மாமா. எல்லோரும் என் கணவர் யுவராஜைப் பார்த்தார்கள்.

"வண்டிய குறுக்க நிறுத்தியிருக்கறேன்" என்றார் அவர். "யாராச்சும் எடுக்கச் சொல்லுவாங்க. நீ போயிட்டு வா தாரணி."

சிஸ்டர் பின்கதவைத் திறந்தார். அங்கே ஒரு நடைவழி இருந்தது.

"நேராப் போ. எப்படியும் நடக்கறது உனக்கு நல்லது."

நடக்க நடக்க அது நீண்டது. நான் மெதுவாக நடப்பதால் நீள்கிறதோ என்று வேகமாக நடந்தேன். அதுவும் வேகமாக நீண்டது. சுவர் ஓரத்து பெஞ்சுகளில் எனக்குத் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பால்காரர், எதிர்வீட்டு அக்கா, மாலை வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண்கள். ஒவ்வொருவரும் "இன்னுமா?" என்று கேட்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும் "இன்னும் இல்லீங்" என்று சொன்னேன். தட்டு கனத்தது. முந்தானையால் அதை மூடிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு சின்ன வீடு இருந்தது. வாசலில் செருப்பு இல்லை. கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு காலம் பழகிவிட்டுப் பெயர் தெரியாமல் நிற்பது பெரிய அவமானமாக இருந்தது.

"ஏனுங்" என்றேன்.

"வாங்" என்றது குரல். கதவு திறந்தது.

உள்ளே இருட்டு. வெதுவெதுப்பு. மூலையில் குழந்தை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

"உக்காருங். தண்ணி குடிக்கறீங்ளா? இங்க தண்ணிதான் இருக்குது."

நான் குடித்தேன். கொஞ்சம் உப்புக் கரித்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

"யாரூட்டு விசேஷமுங்?"

"எங்கூட்டுலதானுங். நீங்க வந்து..." என்று ஆரம்பித்தேன். அழைப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாசகம் மறந்துவிட்டது. மாமாவிடம் கேட்டு வந்திருக்க வேண்டும். "நீங்க வந்துதானுங் நடக்கோணும்."

"யாரெல்லாம் வாராங்?"

"எல்லாரும் வந்துட்டாங்."

"நான் வந்தா யாருக்குச் சந்தோசமுங்?"

நான் வரிசையாகச் சொன்னேன். அம்மா, அப்பா, பொன்னுசாமி மாமா, பெரியம்மா, யுவராஜ் வீட்டார். ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்று விரல் மடக்கிச் சொன்னேன்.

"நீங்க?"

மடக்க விரல் இல்லை. சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"எனக்குப் பயமா இருக்குதுங்" என்றேன்.

அழைக்கப் போன இடத்தில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது.

குழந்தை இன்னும் கொஞ்சம் மூலையோடு ஒட்டிக்கொண்டது.

"எனக்குந்தானுங்" என்றது.

பிறகு முதுகைத் திருப்பாமலே ஒரு கையை நீட்டியது. தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டது. கையில் ரேகைகள் புதிதாக இருந்தன.

"நீங்க முன்னால போங்" என்றது. "நான் பின்னாலயே வாரேன்."

திரும்பும்போது நடைவழி நீளவில்லை. பெஞ்சுகளில் யாரும் இல்லை. கதவைத் திறந்தால் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன சொல்லுச்சு?" என்றார் அம்மா.

"என்னைய முன்னால போகச் சொல்லுச்சு. பின்னாலயே வாரேன்னுச்சு."

பொன்னுசாமி மாமா தொட்டிலைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அவருடைய காதுகள் சிவந்துபோயிருந்தன.

"நானும் அப்புடித்தான் அம்மிணி சொன்னேன்" என்றார் மெதுவாக.

நான் அழைத்தது சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குங்குமம் கொடுக்க மறந்திருந்தேன். தேதியும் சொல்லவில்லை. இன்னொரு முறை போய் வரட்டுமா என்று சிஸ்டரைக் கேட்கத் திரும்பினேன்.

சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. என் காலுக்குக் கீழே பார்த்தார். நான் நடந்து வந்த வழியெல்லாம் தண்ணீராக இருந்தது.

"மன்னிச்சுக்கோங்க சிஸ்டர்" என்றேன். "துணி இருந்தாக் குடுங்க, நானே தொடச்சர்றேன்."

"நீ அசையாத" என்றார் சிஸ்டர்.

மாமா தொட்டிலை எடுத்து ஓரமாக வைத்தார். "வழி உடுங்" என்று எல்லோரையும் விலக்கினார். பிறகு தன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கதவருகே நின்றார். வரவேற்பில் நிற்பவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

முதுகின் அடியில் ஒரு வலி எழுந்து முன்னால் வந்தது. எனக்குப் பின்னால் நடைவழியில், ஈரத்தில், யாரோ சின்னதாக அடி வைக்கும் சத்தம் கேட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அழைத்தவர்கள் திரும்பிப் பார்த்தால் வருகிறவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்.